தண்ணீர்ப் பக்கத்திலிருந்து மூன்றாவது

மார்ச் 3

மாப்பிள்ளை அவர்களுக்கு,

இது சௌக்கியம் விசாரிக்கும் கடிதம் இல்லை. நீங்கள் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் புத்தகத்தின் வழவழத் தாளைத் தடவிப் பார்த்தேன், தெரிந்துவிட்டது.

மகள்தான் அனுப்பிவைத்தாள். ‘இவர் ஆபீசில் போட்டது, யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கப்பா’ என்று துண்டுச்சீட்டு ஒன்றும் வைத்திருந்தாள். கீழ்வீட்டுத் தையல்காரி படித்தாள். இதை எழுதுவதும் அவள்தான். ‘நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க பெரியவரே, என் கை என்ன தையல் மெஷினா?’ என்று இப்போதே சலித்துக்கொள்கிறாள்.

நாற்பத்திரண்டு பக்கம். கிடங்குத் தெருவின் அழகு, கிடங்குத் தெருவின் கம்பீரம். முப்பத்தெட்டு வருஷம் அந்தத் தெருவில் மூட்டை தூக்கி, அதில் பதினாறு வருஷம் கீழ்த்தளத்துக்கு மேஸ்திரியாக இருந்தவன் நான். இத்தனை கம்பீரம் அங்கே இருந்ததை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே.

ஆறாம் பக்கத்தில், வெளிச்சுவரில் ‘கலைநயம் மிக்க இரும்புப் பூக்கள்’ இருக்கின்றன என்று போட்டிருக்கிறீர்கள். பூவா? நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். உள்ளே பஞ்சு அடுக்கினால் சுவர் வெளியே தள்ளும். அது பிதுங்காமல் இருக்க இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு இரும்புக் கம்பி ஓட்டி, வெளியே தலைப்பில் போட்ட பூட்டு அது. கம்பி கழன்றால் உங்கள் பூவும் விழும், சுவரும் விழும்.

பதினோராம் பக்கத்தில், தரை வயதானதால் ஒரு பக்கம் இறங்கிவிட்டதாம், சிமெண்டு போட்டுச் சமன் செய்யப்போகிறீர்களாம். அது இறங்கவில்லை ஐயா, இறக்கிக் கட்டியது. சாயமும் வெல்லப்பாகும் கொட்டினால் கழுவித் தள்ளுவதற்குக் கால்வாய்ப் பக்கம் ஒரு விரற்கடை சரிவு. நாங்கள் ஒரு வாளித் தண்ணீரில் கழுவிய தரை அது. நீங்கள் சமன் செய்த பிறகு நாலு பேர் துடைப்பத்தோடு நிற்க வேண்டும்.

இதெல்லாம் போகட்டும். புத்தகம் எழுதியவனுக்கு வாய் இருக்கிறது, சொல்லிவிட்டுப் போகிறான். முப்பதாம் பக்கத்துக்காகத்தான் இந்தக் கடிதம். ஐந்தாம் எண் கிடங்கின் கீழ்த்தளத்தில் நடுவே ஓடும் ‘அழகற்ற பிற்காலச் செங்கல் சுவரை’ இடித்துவிட்டு, அதற்குள் மறைந்திருக்கும் ஒன்பது வார்ப்பிரும்புத் தூண்களையும் மக்கள் பார்க்கத் திறந்துவைக்கப் போவதாக அதில் இருக்கிறது.

அந்தச் சுவரைத் தொடாதீர்கள். அழகுக்காக யாரும் அதைக் கட்டவில்லை. உள்ளே ஒரு தூண் செத்துப்போய்விட்டது. சுவர்தான் மூன்று மாடியையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது. ஒரு மடையன் செய்த வேலையால் வந்தது அது. கூரையில் இலை அள்ளிக்கொண்டிருந்தவர் யார் என்பது உங்களுக்கே தெரியும். செத்தவரைப் பற்றி நான் பேசவில்லை.

போன் செய்ய வேண்டாம். நீங்கள் கத்துவது எனக்குக் கேட்காது, நான் கத்துவது உங்களுக்குப் பிடிக்காது.

மாமனார்


மார்ச் 9

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், என் மேலதிகாரிக்கு எதிரில் நீங்கள் சிரித்த அதே சிரிப்புதான் இதிலும் இருக்கிறது. தாளில் படித்தாலும் காதில் விழுகிறது.

இரும்புப் பூக்கள் விஷயம் எங்களுக்குத் தெரியும். நான் கட்டடப் பொறியாளன். புத்தகத்தை எழுதியவர் ஒரு பேராசிரியர். வாசிப்பவர்களுக்குச் சுவையாக இருக்கட்டும் என்று அப்படி எழுதியிருக்கிறார். தரையைப் பற்றி நீங்கள் சொன்னதைப் பரிசீலிக்கிறோம்.

சுவர் விஷயத்துக்கு வருகிறேன். அது உத்தரத்துக்கு நாலு விரல் கீழேயே நின்றுவிடுகிறது. இடைவெளியில் சுண்ணாம்புப் பூச்சு மட்டும்தான் இருக்கிறது. எந்தச் சுமையும் அதன்மேல் இறங்கவில்லை. இது வெறும் தடுப்புச் சுவர் என்று இரண்டு நிபுணர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஏப்ரல் 2ஆம் தேதி இடிக்கிறோம். எட்டு ஆட்கள், நாலு நாள் வேலை. மே மாதம் திறப்பு விழா. அந்தக் கூடத்தில் இருநூறு பேர் உட்கார்வார்கள். வாய்வழியாக வரும் ஞாபகங்களுக்காக அதை நிறுத்திவைக்க முடியாது. கையில் ஆதாரம் இருந்தால் எழுதுங்கள்.

என் அப்பாவைப் பற்றி நீங்கள் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பேசியதைவிட மோசம் அது. அவர் கூரையில் மழைநீர் ஓடும் தாரையைச் சுத்தம் செய்யாததால், அந்தத் தண்ணீர் இறங்கும் தூணில் இலை அடைத்துக்கொண்டது என்று சொல்லித்தான் வேலையை விட்டு அனுப்பினார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. மறக்கவில்லை. அதை நினைவூட்ட நீங்கள் தபால்தலை ஒட்ட வேண்டியதில்லை.

உங்கள் மகள் நலம். உங்களுக்கு எழுதுவதாகச் சொன்னாள்.


மார்ச் 13

மாப்பிள்ளை அவர்களுக்கு,

இரண்டு நிபுணர்களாம். தையல்காரி அதைப் படித்தபோது, ‘ஒருத்தருக்கு ஒருத்தர் தைரியம் போல’ என்றாள். அவளுக்குச் சுவரைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் ஆட்களைப் பற்றித் தெரியும்.

ஆதாரம் கேட்டீர்கள். கவனமாகக் கேளுங்கள், உங்கள் பேராசிரியரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தூண்கள் கெட்டி இரும்பு இல்லை. உள்ளே குழாய் மாதிரி வெற்றிடம். அந்தக் கூரைக்கு இரண்டு முகடு, நடுவில் ஒரு பள்ளம், பள்ளத்தில் தாரை. தாரையில் விழும் மழை தூணின் வாய்க்குள் இறங்கி மூன்று மாடியையும் கடந்து, தரைக்கு அடியில் இருக்கும் வடிகால் வழியாகக் கால்வாய்க்குப் போகும். கட்டியவன் புத்திசாலி. வெளியே குழாய் போட்டால் வண்டி மோதி உடைக்கும், தூணுக்குள் விட்டால் யார் மோதுவது? மழை நாளில் தூணில் காது வைத்தால் உள்ளே ஓடுவது கேட்கும். சாப்பாட்டு நேரத்தில் அதில் முதுகைச் சாய்த்துக்கொள்வோம், ஜில்லென்று இருக்கும்.

ஒவ்வொரு தூணின் அடியிலும், குத்துக்கால் வைத்து உட்கார்ந்தால் எட்டும் உயரத்தில், கை நுழையும் அளவுக்கு ஒரு துளை, அதற்கு ஒரு மூடி. மூன்றாவது தூணின் மூடி எப்போதோ உடைந்துபோயிற்று. ஒரு வருஷம் அடியில் இருந்த வடிகால் தூர்ந்து, அந்தத் துளை வழியாகத் தண்ணீர் கொப்பளித்து வந்தது. அடிவரிசை மூட்டையெல்லாம் நனைந்தது. சரியான வைத்தியம் தரையைத் தோண்டி வடிகாலைத் தூர்வாருவது. நாலு நாள் கிடங்கை நிறுத்த வேண்டும். அப்படிச் செய்யாமல் சாக்கைத் தாரில் முக்கித் துளைக்குள் திணித்து, உள்ளேயும் கீழே தள்ளிக் குத்தி இறுக்கிவிட்டான் ஒருவன். தண்ணீர் நின்றது. தரை காய்ந்தது. சபாஷ் என்றார்கள்.

தண்ணீர் எங்கே போகும்? தூணுக்குள்ளேயே நின்றது. ஏழு வருஷம் நின்றது. வார்ப்பிரும்பை உள்ளிருந்து தின்றது. எட்டாவது வருஷம், வேலை நேரத்தில், பீங்கான் உடைவது மாதிரி ஒரு சத்தம். தூணில் மார்பளவு உயரத்தில் தொடங்கி வெடிப்பு. நாங்கள் சிதறி ஓடினோம். முதலாளி ஒன்பதே நாளில் அந்த வரிசை முழுக்கச் சுவர் எழுப்பி மூடினார். கொத்தனார் சுவரின் தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவே இரும்பு ஆப்பு அடித்து, மேலே சுண்ணாம்பு பூசினார். உங்கள் நிபுணர்கள் பூச்சைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மூன்றாவது தூண். முழங்கால் உயரத்தில் சுவரைத் துளைத்து இரும்பைத் தொட்டுப் பாருங்கள். அப்புறம் பேசுங்கள்.


மார்ச் 20

மாமாவுக்கு,

பேசுகிறேன்.

பாரம்பரியக் கட்டடம் என்பதால் ஒரு துளை போடுவதற்கே மூன்று அலுவலகங்களில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. ‘மாமனார் சொன்னார்’ என்று காரணம் எழுத முடியாது. எனவே நானே சந்தேகப்படுவதாக எழுதினேன். நேற்றுக் காலை, புதுப்பிப்பு வேலைக்கான குழு முழுவதும் சுற்றி நிற்க, மூன்றாவது தூணில் முழங்கால் உயரத்தில் துளைத்தோம்.

இரும்பு இரண்டு விரல் தடிமன். துருவே இல்லை. துளைப்பானின் முனைதான் மழுங்கியது. உள்ளே காய்ந்த தூசி. தார் இல்லை, சாக்கு இல்லை, தண்ணீர் இல்லை.

குழுத் தலைவர் என்னைப் பார்த்து, ‘உங்க சந்தேகம் நல்ல ஆரோக்கியமா இருக்கு சார்’ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முப்பது வருஷ வேலையில் என் காதுபட யாரும் சிரித்ததில்லை, உங்களைத் தவிர.

அன்றைக்கு மேசையில் ஒரு வார்த்தை சொன்னேன். கைநாட்டு ஆளிடம் கட்டடம் படிக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை என்று. அதற்காக இரண்டு வருஷமாக உள்ளுக்குள் வெட்கப்பட்டேன். இனிமேல் பட மாட்டேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.


மார்ச் 23

மாப்பிள்ளை,

எழுத வேண்டாம் என்றால் எழுதாமல் இருக்க நான் உங்கள் ஆபீஸ் பியூனா?

தையல்காரி உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். முதல் தடவை எனக்கே குழப்பமாகிவிட்டது. இரண்டாம் தடவை ஒரு கேள்வி வந்தது. எந்தப் பக்கத்திலிருந்து மூன்றாவது?

தெருவிலிருந்து எண்ணியிருப்பீர்கள். கதவு இருக்கிறது, வளைவு இருக்கிறது, உங்கள் பூ இருக்கிறது. அதுதான் முகப்பு என்று புத்தகத்தில் படமும் போட்டிருக்கிறீர்கள். அட ஞான சூனியங்களே, அது கிடங்கின் முதுகு! குமாஸ்தாக்களும் கடன்காரர்களும் வந்துபோன வழி. சரக்கு படகில் வந்தது. கப்பியும் துலாக்கட்டையும் கால்வாய்ப் பக்கம்தான். கல்லில் கயிறு அறுத்த தடம் இருப்பதும் அங்கேதான். அந்தத் தெருவில் எந்தக் கிடங்கிலும், எந்த மூட்டைக்காரனும் தண்ணீர்ப் பக்கத்திலிருந்துதான் எண்ணுவான். ‘இரண்டில் போடு, ஐந்தில் போடு’ என்றால் தண்ணீரிலிருந்து இரண்டு, தண்ணீரிலிருந்து ஐந்து. வேறு மாதிரி எண்ணுகிறவன் உலகத்தில் இருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது என் தப்பு என்றால் சொல்லிக்கொள்ளுங்கள்.

உங்கள் கணக்கில் ஏழாவது. ஏழாவதைத் துளையுங்கள்.

‘பாவம், அவருக்கும் அங்க மானம் போயிருக்குல்ல, கொஞ்சம் தணிஞ்சு சொல்லுங்களேன்’ என்கிறாள் இவள். எட்டுப் பேர் சம்மட்டியோடு நிற்கும்போது தணிந்து சொல்ல எனக்குத் தெரியாது.


மார்ச் 26, விரைவுத் தபால்

மாமாவுக்கு,

நீங்கள் எண்ணிய விதம் சரியாக இருக்கலாம். கால்வாய்ப் பக்கத்துக் கல்லை நானே போய்ப் பார்த்தேன். கயிறு அறுத்த தடம் இருக்கிறது.

ஆனால் இன்னொரு துளைக்கு அனுமதி கேட்டதும் குழு மறுத்துவிட்டது. ‘ஒவ்வொரு தூணா துளைச்சுக்கிட்டே போலாமா சார்?’ என்றார் தலைவர். வேலையைத் தள்ளிப்போட வேண்டுமானால் நேரில் கண்டவரின் வாக்குமூலம் வேண்டும் என்கிறார்கள். யார் அடைத்தது, எப்போது, எப்படி என்று எழுதிக் கையொப்பமிட்டுச் சாட்சியோடு அனுப்ப வேண்டும். ‘ஒருவன் அடைத்தான்’ என்பதெல்லாம் கோப்பில் நிற்காது.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. சாக்கைத் தாரில் முக்கியது உங்களுக்குத் தெரிகிறது. உள்ளே கீழே தள்ளிக் குத்தி இறுக்கியது தெரிகிறது. மேலே கூரையில் நின்ற என் அப்பாவால் தரையில் இருந்த துளையை அடைத்திருக்க முடியாது. அப்படியானால் அந்த ஒருவன் யார்? இலைதான் அடைத்தது என்று சொல்லி அவரை அனுப்பியபோது, சாக்கு விஷயம் தெரிந்த நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

ஏப்ரல் 2ஆம் தேதி மாறவில்லை.


மார்ச் 28, விரைவுத் தபால்

குழுவுக்கும் மாப்பிள்ளைக்கும்,

ஐந்தாம் எண் கிடங்கில், தண்ணீர்ப் பக்கத்திலிருந்து மூன்றாவது தூணை அடைத்தவன் நான். கீழ்த்தள மேஸ்திரியாக நான் இருந்த இரண்டாம் வருஷம், மழைக்காலம். என் கையால் சாக்கைத் தாரில் முக்கினேன். என் கையால் கடப்பாரையின் மொட்டை முனையால் குத்தி இறுக்கினேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. நாலு நாள் கிடங்கை நிறுத்தச் சொல்லி முதலாளியிடம் போய் நின்றால், புது மேஸ்திரிக்குத் திறமை போதாது என்று நினைப்பார் என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

இதுவரை சொன்னது கோப்புக்கு. இனி மாப்பிள்ளைக்கு.

கீழே அடைத்ததால் தூண் நிரம்பி, மழைக்கு மழை கூரைத் தாரை வழிந்தது. மூன்றாம் மாடிப் பஞ்சு நனைந்தது. உங்கள் அப்பாவைத் திட்டினார்கள். அவர் ஏறி ஏறிப் பார்த்தார். ஒரு நாள் என்னிடம் வந்தார். ‘மேஸ்திரி, தாரையில ஒரு இலை இல்லை. தண்ணி ஏன் இறங்க மாட்டேங்குது? கீழ ஏதாவது அடைச்சிருக்கா, பாத்துச் சொல்லு’ என்றார். ‘கீழ எல்லாம் சரியா இருக்கு, நீ மேல ஒழுங்காப் பாரு’ என்றேன். அந்த ஒரே ஒரு தடவைதான் என்னைக் கேட்டார். நம்பிவிட்டார்.

தூண் வெடித்த அன்று, இலை அடைத்தது என்று முதலாளி முடிவுகட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. பிறகு யார் கேட்டாலும் கூரைக்காரனின் கவனக்குறைவு என்று நானே சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல நாக்குக்குப் பழகிவிட்டது. இந்த மாதம் மூன்றாம் தேதி உங்களுக்கும் அதையே சொன்னேன்.

உங்களைக் கட்டிக்கொள்வேன் என்று மகள் நின்றபோது ‘அந்த வீடு வேண்டாம்’ என்று குதித்தேனே, சாதி பார்க்கிறேன், வசதி பார்க்கிறேன் என்றெல்லாம் பேசிக்கொண்டீர்கள். இதைத்தான் பார்த்தேன். சம்பந்தி என்று உங்கள் அப்பாவுக்கு எதிரில் எப்படி உட்கார்வது?

தையல்காரி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ‘என்ன?’ என்றேன். ‘ஒண்ணுமில்லை’ என்றாள். ‘பெரியவரே’ என்று கூப்பிடவில்லை. எழுது என்றேன், எழுதுகிறாள்.

கீழே என் இடது கட்டைவிரல். சாட்சியாக இவளும் மாடி வீட்டு மருந்துக்கடைக்காரரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.


ஏப்ரல் 1

மாமாவுக்கு,

வாக்குமூலம் நேற்று முன்தினம் கிடைத்தது. இன்று காலை ஏழாவது தூணைத் துளைத்தோம்.

அழுத்த வேண்டிய தேவையே இருக்கவில்லை. முனை தானாக உள்ளே போயிற்று. கறுப்புச் சேறு வழிந்தது, கால் மணி நேரம். ஒரு ஆள் விரலை வைத்து அழுத்தினான், இரும்பு பெயர்ந்து கையோடு வந்தது. கொக்கி விட்டு இழுத்தபோது அடியிலிருந்து சாக்கு வந்தது. தார் இன்னும் ஒட்டுகிறது. மேலே பூச்சைச் சுரண்டினோம். வரிசை முழுக்க ஆப்பு. குழுத் தலைவர் வெளியே போய்விட்டார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வேகவேகமாகப் போனார்கள்.

சுவர் நிற்கும். வேலை ரத்து. எட்டுப் பேரும் பிழைத்தார்கள். எழுதுவதற்குப் பிடிக்கவில்லை, உண்மை என்பதால் எழுதுகிறேன். நன்றி சொல்லப்போவதில்லை.

அப்பாவுக்கு அதன் பிறகு அந்தத் தெருவில் யாரும் வேலை தரவில்லை. ஏழு வாடகை வீடு மாறினோம். எந்த வீடானாலும் மழை தொடங்கியதும் கரண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிடுவார். நானே சிரித்திருக்கிறேன். ‘அப்பா, இது மொட்டை மாடிப்பா. பக்கத்துல ஒரு மரம்கூட இல்லை. இலை எங்கேர்ந்து வரும்?’ என்பேன். ‘அங்கயும் இல்லைன்னுதான் நினைச்சேன். இருந்திருக்குடா. நான்தான் பாக்கலை’ என்பார். தாரையில் இலை இல்லை என்று கண்ணால் பார்த்த மனிதர், கடைசியில் தன் கண்ணையே நம்பாமல் செத்தார்.

சிரிப்பதற்கு உங்களுக்கு மட்டும்தான் உரிமை இருந்தது போல எழுதினேன். நானும் சிரித்தவன்தான். உங்கள் புண்ணியத்தில்.

அம்மாவுக்கு எண்பத்தாறு வயது. இன்றைக்கும் அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால், ‘நல்ல மனுஷன்தான், கவனம்தான் பத்தாது’ என்று முடிப்பார். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நான் சொல்லவும் மாட்டேன். உங்கள் கட்டைவிரல் குழுவுக்குப் போதும். அம்மாவுக்கும் உங்களைப் போலவே படிக்கத் தெரியாது.


ஏப்ரல் 5

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நேற்று மகள் போன் செய்தாள். நாலு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் காது கேட்கவில்லை என்று தையல்காரி நினைத்தாள். கேட்டது. மூச்சு விடுவது கேட்டது. அப்புறம் வைத்துவிட்டாள்.

புதன்கிழமை காலை வண்டிக்குச் சீட்டு எடுத்திருக்கிறேன். ஒன்பது மணி நேரப் பயணம். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். உங்கள் ஊர் ஆட்டோக்காரர்களுக்கும் எனக்கும் ஒத்துவராது, நடந்தே வந்துவிடுவேன். ராத்தங்க மாட்டேன். சாப்பிடவும் மாட்டேன், சமைத்து வைத்து வீணாக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

இத்தனை வருஷம் உங்கள் வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சம்பந்தி அம்மா முதலில் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுத்தான் பேசுவார். நானும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறேன்.

இந்தத் தடவை நாற்காலி போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். ஏன் என்று கேட்டால், வந்து சொல்வார் என்று மட்டும் சொல்லுங்கள்.